சீனி மண்டையோட்டில் உன் அப்பாவின் பெயர்

மகனே,

சுகம் விசாரித்துத் தொடங்குவதுதான் முறை. மூன்று கிழமையாக நீ என்னோடு பேசவில்லை, நானும் உன்னோடு பேசவில்லை, அதனால் அந்த முறையை இந்தத் தடவை விட்டுவிடுவோம். உன் வீட்டு வாசலில் நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருந்தபோது நீ ஒரு கேள்வி கேட்டாய். அப்பாவைப் பற்றி எனக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டாய். வாயைப் பொத்து என்று சொல்லிவிட்டு நான் படியிறங்கினேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இப்போது எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன் என் அருவருப்பை முழுதாகக் கொட்டவேண்டும், இல்லாவிட்டால் பேனை நகராது. அம்மா மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுகிறவள் என்று நீ உன் கூட்டாளிகளிடம் பெருமையாகச் சொல்வாய். அது எவ்வளவு பெரிய பிழை என்பதையும் இந்தக் கடிதத்தில் காண்பாய்.

முதலில் அந்த மேசை. நவம்பர் இரண்டாந்தேதி, ஆத்துமாக்கள் திருநாள். காலையில் பூசைக்குப் போனேன், வேலைக்கு லீவு போட்டேன், ஆட்டிறைச்சி ரோல்ஸ் ஒரு பெட்டி நிறையப் பொரித்தேன். மரிசோல் வரச்சொல்லியிருந்தாள். என் மகனைக் கட்டப்போகிறவள் முதன்முதலாகத் தானாகக் கூப்பிடுகிறாள், வெறுங்கையோடு போவது அழகில்லை என்று நினைத்தேன். பின்னேரம் நாலு மணிக்கு நீ கதவைத் திறந்தாய். தரையெல்லாம் செவ்வந்தி இதழ்கள், வாசலில் இருந்து உள்ளறை வரை ஒரு பாதை போல. எனக்கான வரவேற்பு என்று நினைத்து அதன் மேலேயே நடந்து வந்தேன். செத்தவர்கள் வழி தவறாமல் வந்து சேரப் போட்ட பாதையாம் அது. ரோல்ஸ் பெட்டியோடு நான் பிணங்களின் வழியில் நடந்து வந்திருக்கிறேன், நீயும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உள்ளே மேசைக்கு மேல் பெட்டிகளை அடுக்கிப் படிகள் செய்து சிவப்புத் துணி விரித்திருந்தாள். மேலே கத்தரித்த கடதாசித் தோரணம், அதில் எலும்புக்கூடுகள் கைகோத்து ஆடிக்கொண்டிருந்தன. ஒரு கிளாசில் தண்ணீர், ஒரு தட்டில் உப்பு. பாண் ஒன்று, அதன் மேல் மாவை எலும்பு போல உருட்டி வைத்துச் சுட்டு, சீனி தூவியிருந்தாள். அவளுடைய பெரியப்பாவின் படத்துக்கு முன்னால் ஒரு பெட்டி சிகரெட். யாரோ ஒரு சிறிய குழந்தையின் படத்துக்கு முன்னால் ஒரு விளையாட்டுக் கார். சாம்பிராணி போல ஏதோ ஒன்றின் புகை கண்ணைக் கரித்தது. நடுப்படியில் உன் அப்பா. நாங்கள் மடுத் திருவிழாவுக்குப் போயிருந்தபோது எடுத்த படம், என் அலுமாரி அல்பத்தில் ஒட்டியிருந்த படம். அதற்கு முன்னால் ஒரு மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு தட்டில் சோறும் கருவாட்டுப் பொரியலும், ஒரு போத்தல் பியர். அந்தத் தட்டை ஒட்டினாற்போல் சீனியில் செய்த ஒரு வெள்ளை மண்டையோடு, கண் குழிகளில் பச்சை மினுக்கம், நெற்றியில் சிவப்புச் சீனிக் களியால் தமிழில் "தவராசா" என்று கோணல்மாணலாக எழுதியிருந்தது. பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறாள், துணைக்கால் எழுத்தை விட்டு அரை விரல் தள்ளி நின்றது.

எனக்குச் சத்தி குமட்டிக்கொண்டு வந்தது, அதை மறைக்கப்போவதில்லை. பதினாறு வருஷமாக அந்த மனிதரின் இன்னொரு படம் என் வீட்டில் கண்ணாடி அலுமாரிக்குள், கனடா மாமாவுக்கும் உன் சித்தியின் கல்யாணப் படத்துக்கும் நடுவில், உயிரோடு இருக்கிறவர்களோடு இருக்கிறது. அதற்கு மாலை போட்டதில்லை, விளக்கு வைத்ததில்லை. எங்கள் வீடுகளில், வேதக்காரர் வீடாக இருந்தாலும் சைவக்காரர் வீடாக இருந்தாலும், ஒரு மனிதரின் படத்துக்கு முன்னால் திரி எரிந்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். அதை அந்த மெக்சிக்கோப் பெண்ணுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள், தெரியாமல் செய்துவிட்டாள் என்றுதான் அந்த நிமிடம் நினைத்தேன். நினைத்தும் விடவில்லை. திரியை விரலால் நசுக்கி அணைத்தேன். மண்டையோட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். பிறகு அவளைப் பார்த்து அந்த ஜெர்மன் சொல்லைச் சொன்னேன். ஏக்கல்ஹாஃப்ட் என்றேன். அருவருப்பு என்று.

நான் அதைச் சொன்னபோது உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அந்தச் சொல் நம் வீட்டுக்குள் எப்படி வந்தது என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். முதியோர் இல்லத்தில் நான் கூட்டித் துடைக்கச் சேர்ந்த புதிதில் ஒரு கிழவர் என் கையைப் பிடித்து மணந்து பார்த்துவிட்டு அந்தச் சொல்லைச் சொன்னார். எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து உன்னிடம் கேட்டேன். உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. நீ கொஞ்சநேரம் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சமையல் வாசம் பிடித்திருக்கிறது என்று அர்த்தம் அம்மா என்றாய். உண்மையான அர்த்தம் தெரியவர எனக்கு ஒரு வருஷம் எடுத்தது. என் கையைப் பார்த்து ஒருவன் சொன்னதை நான் எடுத்து அவள் கை செய்த வேலையின் மேல் எறிந்தேன். அவள் அழவில்லை. குனிந்து சீனித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். தான் என்ன பிழை விட்டேன் என்று ஜெர்மனில் உன்னிடம்தான் கேட்டாள், என்னிடம் கேட்கவில்லை.

அப்போது நீ சொன்னாய்: "படத்தை நான்தான் குடுத்தனான் அம்மா. அவளில ஒரு பிழையும் இல்லை. திரியைக் கொளுத்தினதும் நான்தான்."

அதற்குப் பிறகுதான் வாசலில் அந்தக் கேள்வி.

நான் அருவருப்புப் பட்டது அன்று மட்டும் இல்லை. இந்தக் கோடையில், ஊரெல்லாம் கொடி கட்டி உதைபந்து பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், அவளை நீ முதன்முதல் சாப்பிடக் கூட்டி வந்தாயே, அன்று தொடங்கியது. நான் நண்டுக்கறி வைத்திருந்தேன். அவள் கையால் உடைத்துச் சாப்பிட்டாள், அதில் எனக்குச் சந்தோஷம். பிறகு பேச்சு வாக்கில், தன் நாட்டில் ஏதோ ஒரு பக்கத்துச் சனங்கள் வருஷத்துக்கு ஒருதரம் தங்கள் செத்தவர்களின் எலும்பைப் பெட்டியில் இருந்து எடுத்து, தூரிகையால் தூசி தட்டி, பழைய துணியை மாற்றிப் புதுத் துணியில் வைப்பார்கள் என்று சொன்னாள். தன் ஊரில் அப்படி இல்லையாம், தாங்கள் கல்லறையில் போய்ப் பாட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பாட வைத்து, அங்கேயே இருந்து சாப்பிடுவார்களாம். படைத்த சாப்பாட்டைச் செத்தவர்கள் வந்து ருசி பார்த்துப் போன பிறகு தாங்கள் சாப்பிடுவார்களாம், அப்போது அதில் ருசி குறைந்திருக்குமாம். இதையெல்லாம் நண்டுக்காலை உறிஞ்சிக்கொண்டே சிரித்துச் சிரித்துச் சொல்கிறாள். நான் என் கோப்பையைத் தள்ளி வைத்தேன். வயிறு நிறைந்துவிட்டது என்றேன். அது பொய், உனக்கும் தெரியும்.

அதோடு இங்கத்தைய கூத்து வேறு. எங்கள் தெருமுனையில் இருக்கிற மதுக்கடையில் ஆத்துமாக்கள் திருநாள் கிழமை முழுக்க மண்டையோட்டுப் படம் ஒட்டியிருந்தது. முகத்துக்குச் சுண்ணாம்பு அடித்து, வாயில் தையல் போட்டது போலக் கோடு கீறிக்கொண்ட ஜெர்மன் பெடியளும் பெட்டையளும் யூபான் ரயிலில் எனக்கு முன்னால் இருந்து சிரித்தார்கள். ஒருவருக்கும் செத்தவர் என்று யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. நான் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டு வாசலில், கடற்கரையில், வேலியோரத்தில் பிணத்தைப் பார்த்த கண் எனக்கு. அதைப் போல முகத்தைச் செய்துகொண்டு பியர் குடிக்க ஒருவனுக்கு மனம் வருகிறதென்றால் அவனை எந்தத் தண்ணீரில் கழுவுவது. மரிசோலும் இவர்களில் ஒருத்தி என்று முடிவு கட்டினேன். நீ பலதடவை விளங்கப்படுத்தினாய், இது வேறு அது வேறு என்று. நான் கேட்கவில்லை. கேட்க விரும்பவில்லை என்பதுதான் சரி.

அப்படியென்றால் இங்கே செத்தவர்களுக்கு நடப்பதை நான் மெச்சுகிறேனா என்று நினைக்காதே. என் வேலை இடத்தில் ஒருவர் விடியக் கண்ணை மூடினால் மத்தியானத்துக்கு முன் அறை வெறுமையாகிவிடும். யன்னலைத் திறந்து விடுவார்கள். பிள்ளைகள் வந்து அரை மணித்தியாலம் நிற்பார்கள், ஒரு மணிக்கூட்டையோ ஒரு பூச்சாடியையோ எடுப்பார்கள், மற்றதெல்லாம் நீலச் சாக்குக்குள். கல்யாணப் படம், பிள்ளைகளின் படம், பட்டாளச் சட்டையோடு நிற்கும் புருஷனின் படம், எல்லாவற்றையும் சாக்கில் போட்டு முடிச்சுப் போடுகிறது என் கைதான். புதைக்கிற குழியும் வாடகைக்குத்தான் இங்கே. தவணை முடிந்து யாரும் நீட்டாவிட்டால் கல்லைப் பிடுங்கி, நிலத்தைச் சமன்படுத்திப் புல்லு விதைத்துவிடுவார்கள். இதைப் பார்த்து வந்து உன்னிடம் எத்தனை தரம் புறுபுறுத்திருக்கிறேன். இவங்களுக்குச் செத்தவர் என்ற மரியாதை இல்லை என்பேன். மெக்சிக்கோக்காரருக்கு மரியாதை இல்லை, ஜெர்மன்காரருக்கு மரியாதை இல்லை, என்னைப்போல் உண்டா. அப்படி ஒரு கர்வம் எனக்கு.

இனி என்னைப்பற்றிச் சொல்கிறேன். உன் அப்பா என்னைக் கட்டுவதற்காகத்தான் ஞானஸ்நானம் எடுத்தவர், அது உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. அவருடைய தகப்பனார் கண்மூடிய நாள் வரும்போது அவருக்குப் படையல் வைக்கவேண்டும் என்று ஆசை. கேட்டார். முதல் வருஷம் முடியாது என்றேன். இரண்டாம் வருஷம் நான் கோயிலுக்குப் போயிருந்த நேரம் தானே குசினியில் நின்று சமைத்து, வாழையிலையில் சோறும் மூன்று கறியும் வைத்து, ஒரு சுருட்டும் ஒரு சிறிய போத்தல் சாராயமும் வைத்து, காகத்துக்கென்று மதிலில் ஒரு பிடி சோறும் வைத்திருந்தார். நான் வந்து பார்த்தேன். இலையைச் சுருட்டிக் கொண்டுபோய் நாய்க்குப் போட்டேன். பேய்க்குப் படைத்த சோற்றை என் வீட்டில் வைக்காதே என்றேன். அவர் இலை கிடந்த இடத்தைத் துடைத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் இயந்திரம் திருத்தும் பட்டறையில் வேலை கூட என்று பிந்தி வருவார். யாரோ ஒரு கூட்டாளி வீட்டில் போய்ப் படைக்கிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல் இருந்தேன். புருஷன் தன் தகப்பனுக்குச் சோறு வைக்க ஒளித்து ஓடவேண்டியிருந்தது, அப்படி ஒரு பெண்சாதி நான்.

இதில் இருந்து உனக்கு ஒரு புத்தி சொல்கிறேன், கேட்டாலும் கேட்காவிட்டாலும். மரிசோல் தன் ஆட்களுக்கு மேசை வைத்தால் வைக்க விடு. உனக்குப் பிடிக்கவேண்டும் என்று இல்லை. பிடிக்காமலே பக்கத்தில் நிற்கலாம். கட்டினவளின் செத்தவர்களோடு சண்டைக்குப் போகாதே. அந்தச் சண்டையில் நான் வென்றேன், அதனால் எனக்குத் தெரியும். இன்னொன்று. உன் அப்பா கருவாட்டை வீட்டுக்குள் எடுக்கவே விடமாட்டார், அந்த மணம் அவருக்கு ஆகாது. பியரை அவர் வாயில் வைத்ததில்லை. நீ அவருக்கென்று வைத்த இரண்டும் அவருக்குப் பிடிக்காதவை. அன்று அதைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபத்தில் பாதி அதில்தான். நீ என்ன செய்வாய். பத்து வயதில் பிரிந்தாய். அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஏதாவது கேட்டால், வந்ததும் அவரிடமே கேள் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிறு மரிசோல் என்னிடம் வந்தாள். உனக்குச் சொல்லியிருக்கமாட்டாள், நான் சொல்கிறேன். ரோல்ஸ் பெட்டியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தாள். வெறுமையாகத் தரக்கூடாதென்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது, உள்ளே அந்த எலும்புப் பாணில் ஒரு துண்டு இருந்தது. உள்ளே வா என்றேன். கதிரையில் இருந்தாள், மேற்சட்டையைக் கழற்றவில்லை. என் ஜெர்மன் கொஞ்சம், அவளுடையதும் அப்படித்தான், அதனால் மெதுவாகப் பேசினோம். மன்னிப்புக் கேட்க வந்தாள் என்று நினைத்தேன். அவள் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவள் சொன்னது இதுதான்: போன வருஷமும் நீ அந்தப் படத்தைக் கொண்டுவந்திருக்கிறாய். மேசையில் வைக்கப் போய், பிறகு பையில் திரும்ப வைத்திருக்கிறாய். அம்மாவைக் கேள் என்று அவள் சொன்னாளாம், அம்மாவைக் கேட்கப் பயமாக இருக்கிறது என்றாயாம். தெரியாத இலக்கத்தில் இருந்து டெலிபோன் வந்தால் குளித்துக்கொண்டிருந்தாலும் ஓடி வந்து எடுக்கிறாயாம். ஒருநாள் அப்படி ஓடி வந்து வழுக்கி விழுந்து கை வீங்கியதாம். 

அவள் எழும்பிப் போகும்போது என்னைப் பார்த்து, உங்களுக்குத் தெரிந்தால் உங்கள் மகனிடம் சொல்லுங்கள், நான் கேட்கவில்லை, அவர் கேட்கிறார் என்றாள். அவ்வளவுதான். அந்தப் பாண் துண்டை நான் சாப்பிடவில்லை. அதன் மணமே எனக்கு ஆகவில்லை. ஆனால் குப்பையில் போடவும் இல்லை, மேசையில் காய்ந்து கிடக்கிறது.

இனிப் பதில்.

எனக்குத் தெரியும், தம்பி. பதினொரு வருஷமாகத் தெரியும்.

ஹனோவரில் பெனடிக்ற் என்று ஒருவர் இருக்கிறார். எங்கள் கரைக்காரர். உன் அப்பா திருத்துகிற வள்ளங்களில் ஓட்டியாக இருந்தவர். இங்கு வந்து அகதி கேட்டு, எங்கள் டெலிபோன் இலக்கத்தைத் தேடிப் பிடித்து எனக்கு அடித்தார். வீட்டுக்கு வருகிறேன் என்றார். நீ வீட்டில் இருப்பாய் என்று நான் ஸ்டேஷனுக்கு வரச்சொன்னேன். நடைமேடை வாங்கில் இரண்டு பேரும் இருந்தோம், அவர் கையில் ஒரு பை தோடம்பழம் இருந்தது, உனக்கென்று வாங்கி வந்தது. நாங்கள் ஊரை விட்டு வெளிக்கிட்டு இரண்டு கிழமையில் உன் அப்பாவும் வெளிக்கிட்டிருக்கிறார். கடலில் வைத்துச் சுட்டிருக்கிறார்கள். வள்ளத்தை எப்படியோ ஒரு கரைக்குக் கொண்டுவந்திருக்கிறார் பெனடிக்ற். வயிற்றில் காயம். அந்த மணலில் இரண்டு நாள் உயிரோடு கிடந்திருக்கிறார். மருந்து இல்லை, வைத்தியர் இல்லை. இரண்டாம் நாள் மத்தியானத்தோடு எல்லாம் முடிந்தது. பெனடிக்ற்றும் இன்னொருவரும் கையாலும் தகரத்தாலும் கிடங்கு வெட்டிப் புதைத்துவிட்டு, ஒரு பனங்குற்றியை நட்டுவிட்டு வந்தார்கள். இதை அவர் அழுதுகொண்டே சொன்னார். நான் அழவில்லை. பிள்ளையிடம் சொல்லவேண்டாம் என்று கேட்டேன். நான் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். தோடம்பழத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். எங்கே போனீங்கள் என்று கேட்டாய், சாமான் வாங்க என்றேன். நீ இரண்டு பழம் உரித்துச் சாப்பிட்டாய்.

அன்றைக்குச் சொல்லியிருக்கவேண்டும். பள்ளிக்கூடத்தில் சோதனை என்றாய், சோதனை முடியட்டும் என்று நினைத்தேன். பிறகு லீவு வந்தது, லீவு முடியட்டும் என்று நினைத்தேன். அப்படித்தான் தொடங்கியது என்று சொன்னால் அதிலும் பாதிதான் உண்மை. மற்றப் பாதியைச் சொல்கிறேன், அருவருப்பு என்றால் என்னவென்று நீ அறிந்துகொள். உனக்கு டிரெஸ்டனில் படிக்க இடம் கிடைத்ததே, நினைவிருக்கிறதா. இயந்திரப் பொறியியல். நீ கடிதத்தை என்னிடம் காட்டிவிட்டு, போகவில்லை என்றாய். ஏன் என்றேன். "அப்பா வந்தா இந்த விலாசத்துக்குத்தானேம்மா வருவார், நீங்கள் வேலைக்குப் போயிருந்தா ஆர் கதவு திறக்கிறது" என்றாய். அந்த நேரம் நான் வாயைத் திறந்திருந்தால் நீ போயிருப்பாய். நான் உனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தேன். நீ என்னோடு இருக்கப்போகிறாய் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. செத்துப்போன மனிதரை வாசலில் நிறுத்தி வைத்து என் பிள்ளையை வீட்டுக்குள் பூட்டி வைத்தேன். சீனியில் மண்டையோடு செய்கிறவளைப் பார்த்து நான் அந்தச் சொல்லைச் சொன்னேன்.

இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு நவம்பரிலும் கோயிலில் ஆத்துமாக்களின் பட்டியல் வைப்பார்கள். நான் வரிசையில் நின்று என் அய்யாவின் பெயர், ஆச்சியின் பெயர், உன் சின்ன மாமாவின் பெயர் எல்லாம் எழுதுவேன். உன் அப்பாவின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் பின்னால் நிற்கிற தமிழ்ச்சனம் பார்க்கும், பார்த்தால் உன் காதுக்கு வரும். இதனால் அவருக்காக இந்தப் பதினொரு வருஷத்தில் ஒரு பூசை இல்லை, ஒரு செபமாலை இல்லை. என்னை நம்பி வேதத்துக்கு வந்த மனிதர். தன் தகப்பனுக்கு ஒரு பிடி சோறு வைக்க நான் விடவில்லை, அவருடைய ஆத்துமத்துக்கு ஒரு மெழுகுதிரி நானும் வைக்கவில்லை. அவர் செத்த பிறகு அவருக்கென்று எரிந்த முதல் திரி உன் வீட்டில் எரிந்தது. அதையும் நான் விரலால் நசுக்கினேன். விரலில் கொப்புளம் வந்தது, கிழமைக்கணக்காக ஆறவில்லை. ஆறாதது நல்லது என்று நினைத்தேன்.

நான் திருந்திவிட்டேன், மெக்சிக்கோவை விளங்கிக்கொண்டேன் என்று நினைத்துவிடாதே. எனக்கு அந்த மண்டையோடு இன்னமும் குமட்டுகிறது. சாகிற அன்றும் குமட்டும். நான் போன பிறகு என் படத்துக்கு முன்னால் யாராவது சீனியில் பல்லுக் காட்டி ஏதாவது வைத்தால் எழும்பி வந்து அடிப்பேன் என்று மரிசோலிடம் சொல். பூ வைக்கச் சொல், அது போதும். ஆனால் அந்தப் பெண் செத்தவரைச் செத்தவர் என்று சொல்லிச் சோறு வைக்கிறாள். அவள் கையில் ஒரு களவும் இல்லை. நான் அவளிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். அதை அவளுக்கு விளங்குகிற பாஷையில், நேரே நின்று கேட்பேன், இந்தக் கடிதத்துக்குள் வைத்து உன் கையால் அனுப்பமாட்டேன். அவள் கதவைத் திறக்காவிட்டால் படியில் இருந்து கேட்பேன்.

தை மாதம் கல்யாணம். அழைப்பிதழ் அச்சுக்குப் போகவேண்டும், அப்பாவின் பெயரை எப்படிப் போடுவது என்று இரண்டு மாதத்துக்கு முன் கேட்டாய். என் பெயருக்கு முன்னால் வெறுமனே போடு, வேறொன்றும் சேர்க்காதே என்றேன். நீ சரி என்றாய், ஆனால் அச்சுக்குக் கொடுக்கவில்லை, அது எனக்குத் தெரியும். இப்போது கொடு. காலஞ்சென்ற சிற்றம்பலம் தவராசா என்று போடு. சனம் கேட்கும். எப்ப, எப்படி, ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று ஒவ்வொருத்தரும் கேட்பார்கள். கேட்கிறவர்களை என்னிடம் அனுப்பு. நீ பதில் சொல்லவேண்டாம். என்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவதா வேண்டாமா என்பதையும் நீயே முடிவு செய். கூப்பிட்டால் வருவேன். வரும்போது தாலி போட்டுக்கொண்டு வரமாட்டேன். நேற்றுக் கழற்றிவிட்டேன். கழுத்தில் அதன் தடம் இருக்கிறது, பார்த்துத் திடுக்கிடாதே.

பெனடிக்ற் அண்ணையின் இலக்கத்தைக் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் எனக்கு அடித்து, சொல்லிட்டீங்களா தங்கச்சி என்று கேட்பார். இன்னும் இல்லை அண்ணை என்பேன். அவர் டெலிபோனை வைத்துவிடுவார். அவரிடம் போ. அந்த இரண்டு நாளும் கூட இருந்தவர் அவர்தான், இடமும் அவருக்குத்தான் தெரியும். அப்பா என்ன சாப்பிடுவார், எதற்குச் சிரிப்பார் என்றும் அவரிடம் கேள். என்னைவிட நேர்மையாகச் சொல்வார்.

ஒன்றை மட்டும் அவர் சொல்லுமுன் நான் சொல்லவேண்டும், ஏனென்றால் அது என்னிடம் தரப்பட்டது. இரண்டாம் நாள் விடியவே உன் அப்பாவுக்குத் தன் நிலைமை தெரிந்துவிட்டது. பெனடிக்ற்றின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு செய்தி சொல்லி அனுப்பியிருக்கிறார். ஸ்டேஷன் வாங்கில் இருந்து அவர் அதை அப்படியே எனக்குச் சொன்னார்:

"பெடியன் நான் வருவனெண்டு பாத்துக்கொண்டு இருப்பான். இருக்க விடவேண்டாமெண்டு அவளிட்டச் சொல்லு."

அதை நான் கேட்ட அன்று உனக்குப் பதினைந்து வயது.

அம்மா